பெரிய குதிருக்குச் சிறிய சாவி

பாகலூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வரும் மாணவர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி கேட்டார். அவருடைய மாமா தம் மின்காரை வாசலில் நிறுத்திவிட்டு மூன்று வாரம் வெளியூர் போயிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் கதவுகூடத் திறக்கவில்லை. நிறுத்தும்போது பெரிய பாட்டரியில் முக்கால் பங்கு மின்னேற்றம் இருந்ததாம். "குதிர் நிறைய ராகி இருந்தும் அடுப்பில் களி இல்லையே, சார்?" என்றார் மாணவர்.

விடை காண நாம் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1859-இல் பிரான்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே, காரீயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய சேமக்கலத்தை உருவாக்கினார். 1881-இல் காமில் ஃபோர் தகடுகளின் மேல் காரீய ஆக்சைடுப் பசையைப் பூசி அதன் கொள்திறனைப் பெருக்கினார். விரைவில் சேமக்கலம் வண்டியேறியது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதலில் தாண்டியது பெட்ரோல் கார் அன்று. 1899-இல் பெல்ஜிய நாட்டவரான காமில் ஜெனாட்சி ஓட்டிய மின்காரே!

அக்காலப் பெட்ரோல் காரைக் கைப்பிடியால் சுழற்றிக் கிளப்ப வேண்டும். கைப்பிடி எதிர்த்தடித்துக் கையை முறித்ததும் உண்டு. 1912-இல் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு மின்சாரம் தந்தது அதே காரீயச் சேமக்கலம். மின்காரை ஓட்டிய சேமக்கலமே பெட்ரோல் காருக்கு ஏவலாளாகி, மின்காரின் வீழ்ச்சிக்கும் துணை போயிற்று. பின்னர் 12 வோல்ட் சேமக்கலம் வழக்கமாகவே, விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் அந்த அழுத்தத்துக்கே செய்யப்பட்டன.

2001-இல் மின்கார் நம் பக்கம் வந்தது. ஓசூர்ச் சாலையில், பொம்மசந்திராவில் உருவான 'ரேவா' கார், எட்டுக் காரீயச் சேமக்கலங்கள் சேர்ந்து தந்த 48 வோல்ட்டில் ஓடியது. இன்றைய கார்களில் அவ்விடத்தை லித்தியம் மின்கலங்கள் பிடித்துக்கொண்டன. அவற்றின் அழுத்தம் பல நூறு வோல்ட். ஆயினும் பெரும்பாலான மின்கார்களில் ஒரு மூலையில் 12 வோல்ட் சேமக்கலம் இன்னும் இருக்கிறது. ஏன்?

பல நூறு வோல்ட் உயிரைக் குடிக்கும். ஆகவே வண்டி நின்றதும் பெரிய மின்கலத்தின் இணைப்பை மின்காந்த ஸ்விட்சுகள் துண்டித்துவிடுகின்றன. அவற்றை மீண்டும் மூட மின்னோட்டம் வேண்டும். அதைத் தருவது சிறிய சேமக்கலம். கதவுப் பூட்டும் கணிப்பொறிகளும் அதை நம்பியே இருக்கின்றன. வண்டி ஓடும்போது, பெரிய மின்கலம் ஒரு மாற்றியின் வழியே சிறியதற்கு மின்னேற்றுகிறது.

வண்டி நின்றாலும் பூட்டும் எச்சரிக்கைக் கருவியும் முற்றும் உறங்குவதில்லை. அவை 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி, 21 நாளில் 25.2 ஆம்பியர்-மணி. சேமக்கலத்தின் கொள்திறன் 45 ஆம்பியர்-மணி என்றால், பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது! பழைய சேமக்கலமாயின் மீதியும் கைகொடுக்காது. வடிந்த நிலையில் விட்டுவைத்தால் தகடுகளில் காரீய சல்பேட்டுப் படிகங்கள் இறுகி, கொள்திறன் நிலையாகக் குறைந்துவிடும்.

இது சிறு தொல்லைதானே என்று தள்ளிவிட முடியாது. 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. சிறிய சேமக்கலத்துக்கு மின்னேற்றும் கருவியில் குறை இருக்கலாம் என்பதே காரணம். அது வடிந்தால், ஓடும் வண்டியே ஆற்றல் இழக்க நேரிடும்.

இப்போது பல கார்கள், நிற்கும்போதே அவ்வப்போது விழித்துச் சிறிய சேமக்கலத்தை நிரப்பிக்கொள்கின்றன. உங்கள் வண்டி அவ்வாறு செய்கிறதா என்பதைக் கையேட்டில் பாருங்கள். ஓய்வில் உள்ள காரீயச் சேமக்கலத்தில் வோல்ட்மீட்டர் 12.6 காட்டினால் நிறைந்திருக்கிறது. 12-ஐ நெருங்கினால் மின்னேற்ற வேண்டும். ஆரஞ்சு நிறக் கம்பிகளை மட்டும் தொடாதீர்கள். அவை உயர் அழுத்தக் கம்பிகள்.

மாணவரின் மாமா, ரிமோட்டுக்குள் இருந்த சாதாரணச் சாவியால் கதவைத் திறந்தார். மெக்கானிக் வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்ததும் வண்டி விழித்தது. குதிரில் ராகி குறையவில்லை. அதன் சாவிதான் சோர்ந்திருந்தது.