மீன் பிடிக்காத நாரை

சென்ற மார்கழியில் ஒரு நாள் காலை, காமிராவும் கையுமாக ஏரிக்கரையில் போய் உட்கார்ந்தேன். எதிரே ஒரு கொக்கு. அது மீனைக் கவ்வுகிற சமயத்தைப் படம் பிடித்துவிட வேண்டும் என்பது என் ஆசை. இரண்டு மணி நேரம் அது அசையவில்லை, நானும் அசையவில்லை. கடைசியில் பொறுமை இழந்து வெற்றிலைச் செல்லத்தின் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தால் மீன் அதன் தொண்டையில் இறங்கிக்கொண்டிருந்தது!

வீடு திரும்பி, ஆறுதலுக்காகப் பழைய புகைப்படக்காரர்களின் வரலாற்றைப் புரட்டினேன். என்னைவிடப் பெரியவர்களும் இந்த ஜாதிப் பறவையிடம் தோற்றிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

வேல்ஸ் நாட்டில் ஸ்வான்ஸி நகருக்கு அருகில், பென்லெர்கேர் என்ற பெரிய பண்ணைக்கு உடையவர் ஜான் டில்வின் லெவலின். புகைப்படக் கலையைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான பாக்ஸ் டால்பட்டுக்கு இவர் மனைவி நெருங்கிய உறவு. 1856-இல் லெவலின் ஒரு படம் எடுத்தார். நீரோரத்தில் ஒரு நாரை நிற்கிறது. படத்துக்கு 'பிஸ்கேடர்' என்று லத்தீனில் பெயர். 'மீன் பிடிப்பவன்' என்று பொருள். பார்த்தால், இதோ இப்போது மீனைக் கொத்தப் போகிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் அந்த நாரை கொத்தவே கொத்தாது. அது செத்துப்போன நாரை. பாடம் செய்து நிறுத்திவைத்தது!

லெவலின் கைதேராதவர் அல்ல. கடல் அலையை ஓடும்போதே படம் பிடித்து, 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் பெற்றவர். மருந்து பூசிய கண்ணாடித் தகடு ஈரம் காயுமுன் படம் எடுத்துக் கழுவியாக வேண்டிய காலம் அது. தேனும் காடியும் கலந்து பூசி, அந்தத் தகட்டைப் பல நாள் கெடாமல் வைத்திருக்கும் வழியையும் அவரே கண்டார். அலைக்கு ஒரு தாளம் உண்டு, காத்திருந்து பிடிக்கலாம். நாரைக்கு அது கிடையாது. மடித்து வைத்த கழுத்து, வில்லிலிருந்து அம்பு போவதுபோல் நீளும். தண்ணீருக்குள் மீன் வேறோரிடத்தில் இருப்பதாகத் தோன்றுமே, அந்த மாயத்துக்கும் ஈடுகொடுத்துக் குறி வைக்கும். கண் இமைப்பதற்குள் காரியம் முடிந்துவிடும்.

இதற்கு ஐம்பது வருஷங்களுக்குப் பிறகு, 1906-இல், ஆஸ்திரேலியாவில் மாட்டிங்லி என்பவர் கொக்குகள் கூடு கட்டும் ஒரு சதுப்புக் காட்டுக்குக் காமிராவோடு போனார். அந்த நாளில் சீமாட்டிகளின் தொப்பியில் சூடுவதற்குக் கொக்கின் இறகு வேண்டியிருந்தது. இனப்பெருக்கக் காலத்தில்தான் அந்த இறகு முளைக்கும். எனவே குஞ்சு கூட்டில் இருக்கும்போதே தாயைச் சுட்டார்கள். மாட்டிங்லி கண்டது, கீழே கிடந்த தாய்ப் பறவைகளையும், மேலே கூட்டில் பட்டினியால் செத்துக்கொண்டிருந்த குஞ்சுகளையும்தான். அதைப் படம் எடுத்தார். 1911-இல் லண்டன் வீதிகளில் அந்தப் படங்களை அட்டைகளில் ஒட்டிச் சுமந்து நடந்தார்கள். 1921-இல் பிரிட்டன் இறகு இறக்குமதியைச் சட்டத்தால் தடுத்தது.

செத்த பறவையை உயிரோடு இருப்பதுபோல் காட்டியது முதல் படம். செத்ததைச் செத்ததாகவே காட்டியது இரண்டாவது. உயிரோடு இருந்தவற்றைக் காப்பாற்ற அதுதான் உதவியது.

இன்றைய காமிரா ஒரு விநாடியை இரண்டாயிரமாகக் கூறு போடுகிறது. ஆனாலும் நான் தோற்றேன். போகட்டும். அந்த வேல்ஸ் நாரை நூற்றறுபது வருஷங்களுக்கு மேலாகப் பசியோடு நிற்கிறது. என் கொக்கு சாப்பிட்டுவிட்டுப் பறந்துபோயிற்று.