கோடும் கூட்டல் குறியும்: கார்கோவின் கட்டளை மரபு

கட்டளைக்குப் பின்னால் சிறு கோடும் ஓர் எழுத்தும் இட்டு அதன் போக்கை மாற்றும் வழக்கம் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸில் வேரூன்றியது. 1971 நவம்பரில் வந்த முதல் கையேட்டிலேயே 'எல்எஸ்' கட்டளைக்கு இத்தகைய விருப்பங்கள் உண்டு. வேலம்பாளையத்து நிட்டிங் கூடத்தில் பின்னல் இயந்திரத்தின் கேமை மாற்றினால் அதே ஊசி, அதே நூலில் வேறு துணி இறங்குமே, அப்படித்தான். எழுத்துகள் போதாமல் போக, குனூ திட்டம் முழுச் சொற்களைக் கொண்டுவந்தது. முதலில் அவற்றின் முன் கூட்டல் குறி, பிறகு இரட்டைக் கோடு.

ரஸ்ட் மொழியின் கட்டுமானக் கருவியான கார்கோ 2014-இல் வெளிவந்தது. யெஹூதா காட்ஸும் கார்ல் லெர்ச்சும் தொடங்கிய அந்தக் கருவி பழைய மரபை அப்படியே எடுத்துக்கொண்டது. ஒரே நேரத்தில் எத்தனை வேலை ஓடலாம் என்பதைச் சொல்லும் 'ஜே' என்ற எழுத்து 'மேக்' கருவியிலும் இருந்ததுதான். இரட்டைக் கோட்டுடன் 'ரிலீஸ்' என்றால் வேகத்துக்காகச் செதுக்கிய நிரல் கிடைக்கும். இல்லாவிட்டால் சீக்கிரம் உருவாகி மெதுவாக ஓடும் சோதனை வடிவம். இதை மறந்துவிட்டு ரஸ்ட் மந்தம் என்று நொந்துகொள்ளும் புதியவர்கள் ஏராளம்.

ரஸ்டின் நிறுவல் கருவியான ரஸ்டப் வழியாக நிறுவிய கணினியில் 'கார்கோ' என்று தட்டினால் முதலில் விழிப்பது கார்கோ அல்ல, அதைப் போர்த்தியிருக்கும் ரஸ்டப். 'கார்கோ +நைட்லி பில்ட்' என்பதில் கூட்டல் குறிச் சொல்லைப் படித்து, எந்தக் கருவித்தொகுப்பு என்று முடிவுசெய்து, மிச்சத்தை மட்டும் உள்ளே அனுப்புகிறது. குனூ கைவிட்ட குறிக்கு இங்கே வேலை கிடைத்துவிட்டது. அடுக்குகள் கூடும்போது எந்த விருப்பம் யாருக்கு என்ற குழப்பமும் வரும். அதற்கு யூனிக்ஸ் மரபின் வெறும் இரட்டைக் கோடே தீர்வு: 'கார்கோ ரன்' கட்டளையில் அதற்குப் பின் வருவதெல்லாம் ஓடப்போகும் நிரலுக்கே போகும்.