போகும் நீரின் வரலாறு

செஞ்சி! பெயரைச் சொன்ன அளவில் தேசிங்கின் குதிரைக் குளம்பொலி கேட்கிறது நம்மவர் காதுக்கு. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளையும் வளைத்து நிற்கும் மதிலைக் கண்டு மெய்சிலிர்க்கிறோம். 2025 சூலைத் திங்களில் யுனெஸ்கோ மன்றமும், மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக அதனை உலக மரபுச் சின்னமாக்கிற்று. மகிழ்வோம். ஆயினும் தோழர்களே, இக்கோட்டையின் கதையை வாளின் வாயிலாகவே கேட்டுப் பழகிவிட்டோம். நீரின் வாயிலாகக் கேட்டால் என்ன?

கல்யாண மகாலுக்கு மதிலுக்கு வெளியே ஐந்நூறு கெசத் தொலைவிலிருந்த நீர்த்தேக்கத்தினின்றும் சுட்ட மண்குழாய் வழியே நீர் வந்தது. வருணன் அருளால் வந்ததன்று. மட்டம் பார்க்கத் தெரிந்த கொத்தனின் கணக்கால் வந்தது! குன்றின்மேல் வற்றாச் சுனை. அடிவாரத்தில் சக்கரகுளம், செட்டிகுளம். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை வளைத்துக் கிடந்தும் இராசாராம் தாக்குப்பிடித்தாரெனில், மதிலுக்கு உள்ள பங்கு சுனைக்கும் உண்டு. (1714-இல் மாண்ட தேசிங்குடன் அவன் இளம் மனைவியும் எரிந்தது செட்டிகுளத்தின் கரையில்தான் என்பர். அத்தனை நீர் அருகிலிருந்தும் அத்தீயை அணைக்க ஒரு கை எழவில்லை! அதனைக் ‘கற்பு’ என்று கதை பாடியது நாடு.)

1750-இல் பிரெஞ்சுத் தளபதி புசி, கோட்டையை ஒரே இரவில் கைப்பற்றினார். 1761-இல் ஆங்கிலேயரிடம் அது வீழ்ந்தது. இடைப்பட்ட காலத்தில் 1,200 ஐரோப்பியச் சிப்பாய்கள் நோயால் மடிந்தனர் என்று பழைய ஆங்கில நூல்கள் கூறுகின்றன. தீய காற்று என்றனர் அக்கால அறிஞர். தெய்வக் குற்றம் என்றனர் நம்மவர். 1854-இல் இலண்டனில் ஜான் ஸ்நோ, காலராவைப் பரப்புவது காற்றன்று, கழிவு கலந்த குடிநீரே எனக் காட்டினார். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டார். காற்றும் போயிற்று, குற்றமும் போயிற்று!

சரி, வந்த நீர் அழுக்காகிப் போனதெங்கே? அரண்மனை வருணனைகளில் அதற்கு இடமில்லை. வருகின்ற நீருக்குக் குழாய் வைத்த நாடு, போகின்ற கழிவுக்கு மனிதனை வைத்தது. குழாய்க்குச் செலவு உண்டு, சாதிக்குச் செலவில்லை! ஒரு கூட்டத்தாரைப் பிறப்பாலேயே மலம் அள்ளப் பணித்துவிட்டால், சாக்கடைப் பொறியியல் எதற்கு? மேல்நாட்டில் 1858-இல் தேம்சு ஆறு நாறியதும் பாராளுமன்றமே மூக்கைப் பொத்திக்கொண்டு பாதாளச் சாக்கடைக்குப் பணம் ஒதுக்கிற்று. இங்கே நாற்றத்தைத் தாங்க வேறு ஆள் இருந்தான். கையால் மலம் அள்ளுதலைத் தடுக்க 1993-இல் ஒரு சட்டம். போதாதென்று 2013-இல் மற்றொன்று. இன்றும் மலக்குழியில் மூச்சடைத்து மாள்கிறவன் எந்தச் சேரியிலிருந்து வருகிறான் என்பதை யாரும் கேட்பதில்லை, கேளாமலே தெரியும்.

செஞ்சிப் பேரூராட்சியின் மக்கள் 2011 கணக்கின்படி சுமார் 27,000 பேர். பக்கமலைப் பகுதியில் பிறந்து, 1959-இல் கட்டிய வீடூர் அணையில் தேங்கி, புதுவைக்குள் புகுந்து கடலில் கலக்கும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு என்றே ஒரு பெயருண்டு. 2023-இல் திருக்காஞ்சியில் அவ்வாற்றுக்குப் புட்கர விழா எடுத்தனர். முழுகினால் பாவம் போகுமாம்! போகட்டும், மேலேயுள்ள ஊர்களின் கழிவு போகுமா?

கழிவைப் போக்கும் வித்தை தொலைவில் இல்லை. செங்கற்பட்டு மாவட்டத்துக் கருங்குழி, செஞ்சியைப் போன்றதொரு பேரூராட்சியே. தமிழகத்தின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017-இல் அங்குதான் தொடங்கிற்று. அண்டையிலுள்ள மதுராந்தகத்துக் கசடும் அங்கே வருகிறது. லாரி கொணரும் கசடு படுகையில் காய்ந்து உரமாகிறது. பிரிந்த நீர், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்ற பின், சரளைக் கற்களும் செடிகளும் நிறைந்த படுகையூடே ஊர்ந்து குளத்தில் தெளிகிறது. பாதாளச் சாக்கடைக்குப் பணமில்லாச் சிற்றூர்க்கும் எட்டும் வழி இது. இத்தகைய நிலையம் அமைக்க இடம் தேடும்போது ‘எங்கள் தெருப் பக்கம் வேண்டாம்’ என்பார்கள். ஊரின் எந்தத் திசையைக் கைகாட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். உங்கள் வீதியில் நிரம்பிய லாரி அடுத்த முறை கிளம்பும்போது, அது எங்கே கொட்டுகிறது என்பதையும் பேரூராட்சி மன்றத்தில் எழுந்து கேளுங்கள்.