ரோம் பரிசும் பாரிஸ் கலைப்பள்ளியின் கோடைக்காலமும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில், பாரிஸ் நகரின் சேன் ஆற்றுத் தென்கரையில், போனபார்த் தெருவில் இயங்கிய எக்கோல் தெ போஸார் என்னும் அரசுக் கலைப்பள்ளியில், கல்வியாண்டின் கடைசி மாதங்கள் பாடங்களுக்கு அல்ல, போட்டிகளுக்கே உரியவையாக இருந்தன. அவற்றுள் தலையாயது ரோம் பரிசு எனப்பட்ட போட்டி. வசந்தத்தில் தொடங்கிக் கோடை முழுவதும் நீண்ட இப்போட்டி மாணவரின் நாட்களை நிரப்பியதோடு, அவருடைய எதிர்காலத்தையும் பெரும்பாலும் தீர்மானித்தது. மாணவரின் திறமையை அவருடைய ஆசிரியரின் கையிலிருந்து பிரித்து அளந்தாக வேண்டும் என்ற நோக்கத்தோடு வகுக்கப்பட்ட விதிகளே இந்த நெருக்கடியை உண்டாக்கின. போட்டிக்கு மதிப்பைத் தேடித்தந்த அதே விதிகள்தாம் பின்னர் அதன் செல்வாக்கைக் குலைக்கவும் காரணமாயின.

இதன் வேர் பதினான்காம் லூயி மன்னரின் காலத்துக்குச் செல்கிறது. 1648 இல் நிறுவப்பட்ட அரச ஓவிய, சிற்பக் கழகம் 1663 இல் மாணவர்களுக்கான பரிசுப் போட்டியைத் தொடங்கியது; மூன்றாண்டுகள் கழித்து, 1666 இல், அமைச்சர் கொல்பேர் ரோம் நகரில் பிரெஞ்சுக் கழகம் ஒன்றை நிறுவியபின், பரிசு பெற்றவர்கள் அரசின் செலவில் அங்கே தங்கி, பண்டைய சிற்பங்களையும் ரஃபேல் போன்ற பெருங்கலைஞர்களின் ஓவியங்களையும் பார்த்துப் படியெடுத்துப் பயிலும் முறை உருவாயிற்று. 1720 இல் கட்டடக்கலையும், 1803 இல் இசையும் போட்டியில் சேர்க்கப்பட்டன. புரட்சியின்போது, 1793 இல், அரச கழகங்கள் கலைக்கப்பட்டாலும், 1795 இல் தோன்றிய பிரான்ஸ் இன்ஸ்டிட்யூட் என்னும் அறிஞர் அமைப்பின் பொறுப்பில் போட்டி மீண்டும் உயிர்பெற்றது; ரோமில் இருந்த கழகம் 1803 இல் வில்லா மெதிச்சி மாளிகைக்கு இடம்பெயர்ந்தது.

ஓவியப் போட்டி மூன்று கட்டங்களாக நடந்தது. முப்பது வயதுக்கு உட்பட்ட, மணமாகாத பிரெஞ்சு இளைஞர்கள் மட்டுமே கலந்துகொள்ள முடிந்தது. முதற்கட்டத்தில், அன்றைக்கு அறிவிக்கப்படும் பொருளை ஒட்டி, ஒரே நாளில் சிறிய எண்ணெய்வண்ண வரைவு ஒன்றை முடிக்க வேண்டும். இரண்டாம் கட்டத்தில், ஆடையற்ற மாதிரி மனிதரை நேரில் பார்த்து, அமர்வுக்கு ஏழு மணிநேரமாக நான்கு அமர்வுகளில் முழு உருவத்தைத் தீட்ட வேண்டும். இவ்விரண்டிலும் தேறிய பத்துப் பேரே இறுதிக் கட்டத்துக்குச் சென்றனர். இறுதிக்கட்ட ஓவியத்தின் பொருள் பெரும்பாலும் விவிலியத்திலிருந்தோ கிரேக்க, ரோமானியத் தொன்மங்களிலிருந்தோ வரலாற்றிலிருந்தோ எடுக்கப்பட்டது. அதைத் தீட்டி முடிக்க 72 நாட்கள் வழங்கப்பட்டன.

இந்த நாட்களில் ஒவ்வொருவரும் லோஜ் எனப்பட்ட தனியறையில் வேலை செய்தனர். வெளியிலிருந்து வரைவுகளையோ அச்சுப் படங்களையோ உள்ளே கொண்டுசெல்லவும், ஆசிரியரிடமோ சக போட்டியாளரிடமோ யோசனை கேட்கவும் தடை இருந்தது. இவற்றைவிடக் கடுமையான விதி ஒன்றும் உண்டு. முதல் நாளிலேயே எஸ்கீஸ் என்ற அடிப்படை வரைவை உருவாக்கி ஒப்படைத்துவிட வேண்டும். உருவங்களின் அமைப்பிலும் காட்சியின் கட்டுக்கோப்பிலும் இறுதி ஓவியம் அந்த வரைவிலிருந்து விலகக் கூடாது. விலகினால் படைப்பு போட்டியிலிருந்து நீக்கப்படும். எஞ்சிய வாரங்களில் இன்னும் நல்ல கற்பனை தோன்றினாலும் மாணவர் அதைப் பயன்படுத்த முடியாது. எண்ணம் முதல் நாளிலேயே மாணவருக்குச் சொந்தமாகிவிட வேண்டும், பிறர் யோசனை பின்னர் அதில் கலந்துவிடக் கூடாது என்பதே இவ்விதியின் நியாயம். விரைந்து முடிவெடுக்கும் பழக்கத்தை அது வளர்த்தது என்பது உண்மை. ஆனால், வேலையின் போக்கில் படைப்பே மாறி வளர்வதற்கு அது வழிவிடவில்லை.

கட்டடக்கலைப் பிரிவில் இதே விதி ஆண்டு முழுவதும் நடந்த சிறு போட்டிகளையும் ஆண்டது. தனியறையில் பன்னிரண்டு மணிநேரத்தில் எஸ்கீஸை வரைந்து ஒப்படைக்கும் மாணவர், அதன் நகலை எடுத்துக்கொண்டு, தாம் பயிலும் அத்தெலியேவுக்கு, அதாவது ஒரு மூத்த கட்டடக்கலைஞரின் மேற்பார்வையில் மாணவர்களே நடத்திய வரைகூடத்துக்குத் திரும்பி, ஏறத்தாழ இரண்டு மாதங்களில் முழுமையான வரைபடங்களை உருவாக்குவார். பலகையில் இழுத்து ஒட்டிய பெரிய தாளில், நீர்த்த மையை ஒன்றன்மேல் ஒன்றாக மென்படலங்களாகப் பூசி நிழலையும் ஆழத்தையும் காட்டும் முறை வழக்கில் இருந்தது. ஒரு படலம் உலர்ந்த பின்னரே அடுத்ததைப் பூச முடியும் என்பதால், கடைசி இரவுகளின் அவசரத்தை மை பொறுத்துக்கொள்ளவில்லை. ஆகவே இளைய மாணவர்கள் மூத்தவர்களின் தாள்களில் கோடிழுத்தும் மை பூசியும் உதவினர். அந்த உழைப்பினூடேயே அவர்களும் தொழிலைக் கற்றனர். குறித்த நேரம் வந்ததும் ஷாரெத் என்ற கைவண்டியில் வரைபலகைகளை ஏற்றிப் பள்ளிக்குத் தள்ளிச் செல்வார்கள். கெடு தவறியவை ஏற்கப்படாததால், வண்டியோடு நடந்தபடியே கடைசித் திருத்தங்களைச் செய்தவர்களைப் பற்றிய கதைகள் மாணவரிடையே வழங்கின. கெடுவுக்கு முந்தைய கடும் உழைப்பைக் கட்டடக்கலைஞர்கள் இன்றும் பல நாடுகளில் அவ்வண்டியின் பெயராலேயே குறிப்பிடுகின்றனர்.

பரிசுக்கு இருந்த மதிப்பு சிறிதன்று. ஓவியர் ழாக் லூயி தாவீத் பலமுறை தோற்று, 1772 இல் மனமுடைந்து உணவை மறுத்து உயிர்விட முயன்றதாகக் கூறப்படுகிறது. அவர் 1774 இல்தான் வென்றார். 1801 இல் வென்ற ஓவியர் ஆங்க்ரால், அரசுக் கருவூலத்தில் பணமில்லாமையால் 1806 வரை ரோமுக்குப் புறப்பட முடியவில்லை. வென்றவர்கள் ரோமிலிருந்து ஆண்டுதோறும் ஆன்வுவா என்ற படைப்புகளைப் பாரிஸுக்கு அனுப்பக் கடமைப்பட்டிருந்தனர். அவற்றை மதிப்பிட்டவர்களும் இன்ஸ்டிட்யூட்டைச் சேர்ந்த கலைக் கழகத்து மூத்தவர்களே. நாடு திரும்பியவர்களுக்கு அரசுப் பணிகளும், காலப்போக்கில் அக்கழகத்திலேயே இடமும் கிடைக்க வாய்ப்பிருந்தது. நேற்றைய வெற்றியாளர் இன்றைய நடுவராக அமர்ந்ததால், நடுவரின் சுவையை முன்கூட்டியே ஊகிப்பதும் பயிற்சியின் ஒரு பகுதியாயிற்று. ஆசிரியரின் கையை அறைக்கு வெளியே நிறுத்திய விதியால் அவருடைய சுவையை வெளியே நிறுத்த முடியவில்லை.

இந்தக் குறையைக் களைய முயன்ற 1863 நவம்பர் ஆணை, பள்ளியைக் கழகத்தின் பிடியிலிருந்து விடுவித்து அரசின் நேரடி ஆட்சிக்குள் கொண்டுவந்தது. அதுவரை பள்ளிக்கு வெளியே தனியார் கூடங்களில் கற்பிக்கப்பட்ட ஓவியத்துக்கு ழெரோம், கபனெல், பில்ஸ் ஆகியோரின் தலைமையில் பள்ளியிலேயே மூன்று கூடங்கள் அமைந்தன. ஆனால் சீர்திருத்தத்தை மாணவர்களே எதிர்த்தனர். போட்டிக்கான வயது வரம்பு 25 ஆகக் குறைக்கப்பட்டதால், பல ஆண்டுகளாகப் பயின்று காத்திருந்தவர்கள் வாய்ப்பை இழக்கும் நிலை வந்தது. சீர்திருத்தத்தின் ஆதரவாளரும் புதிய கலை வரலாற்றுப் பேராசிரியருமான வியோலே லெ துக் 1864 தொடக்கத்தில் விரிவுரை ஆற்ற வந்தபோது, மாணவர்களின் கூச்சலால் பேச இயலாமல், சில வாரங்களிலேயே பதவி விலகினார். ஒரு முறை கடுமையானது என்பதாலேயே அதற்குள் இளமையைச் செலவிட்டவர்கள் அதை வெறுத்துவிடுவதில்லை என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

பெண்களுக்கு இந்தப் போட்டிக்காலமே நெடுங்காலம் மறுக்கப்பட்டிருந்தது. சிற்பி எலேன் பெர்த்தோ 1881 இல் நிறுவிய பெண் ஓவியர், சிற்பியர் சங்கத்தின் தொடர்ந்த முயற்சியால் 1897 இல் பள்ளியிலும், 1903 இல் போட்டியிலும் அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். 1911 இல் லூசியேன் எவெல்மான்ஸ் சிற்பப் பிரிவில் முதற்பரிசைப் பெற்றார். ஆனால் அதற்குள் பரிசின் ஒளி மங்கத் தொடங்கிவிட்டது. மனே, மொனே போன்றோர் பரிசின் துணையின்றியே ஓவியத்தின் போக்கை மாற்றியிருந்தனர். போட்டியில் தோற்ற ழோர்ழ் ருவோவைப் பள்ளியைவிட்டு வெளியேறும்படி அறிவுறுத்தியவர், அப்பள்ளியின் பேராசிரியரும் அவருடைய ஆசிரியருமான குஸ்தாவ் மோரோவே. கட்டடக்கலையில் 1899 இல் வென்ற தொனி கார்னியே, பண்டைய கட்டடங்களை ஆராய வேண்டிய ரோமில் இருந்துகொண்டே, புதிய தொழில் நகரம் ஒன்றின் திட்டத்தை வரைந்துகொண்டிருந்தார்.

1968 மே மாதத்தின் நடுவில், மாணவர், தொழிலாளர் கிளர்ச்சி பிரான்ஸ் முழுவதும் பரவி, கல்வியாண்டும் முடிவை நெருங்கியபோது, மாணவர்கள் பள்ளியைக் கைப்பற்றி, பட்டுத்திரை அச்சு முறையில், அதாவது சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியினூடே மையை அழுத்திப் பதிக்கும் முறையில், வேலைநிறுத்தச் சுவரொட்டிகளை இரவுபகலாக அச்சிட்டனர். ஒவ்வொரு வடிவமும் பொதுக்கூட்டத்தில் விவாதித்து ஏற்கப்பட்டது. எதிலும் வரைந்தவரின் பெயர் இடம்பெறவில்லை. ஜூன் 27 அன்று காவல்துறை அவர்களை வெளியேற்றியது. அதே ஆண்டில், அமைச்சர் ஆந்த்ரே மால்ரோவின் காலத்தில், ரோம் பரிசும் ஒழிக்கப்பட்டது. ஒரு படைப்பின் எண்ணம் ஒருவருடையதாக மட்டுமே இருக்க வேண்டும் என்று மூன்று நூற்றாண்டுகளாகக் காவல் காத்த பள்ளியில், அந்த ஆண்டின் இறுதி வேலை எவருடையது என்று பிரித்தறிய முடியாததாக அமைந்தது. போட்டி நீங்கிய பின்னும், கெடுவும் அதற்கு முந்தைய இரவுகளும் கலைப்பள்ளிகளைவிட்டு நீங்கவில்லை. மாணவருக்கும் அவருடைய முதல் நாள் எண்ணத்துக்கும் இடையே விதி போட்ட பூட்டு மட்டுமே நீங்கியது.