5 லட்சம் பட்டுப்பூச்சியும் ஒரு பொறியும்

அந்தியூர்னா பலருக்கும் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தைதான் ஞாபகம் வரும். நான் சொல்லப்போறது மக்காச்சோளக் காட்டுல குச்சியில தொங்குற இனக்கவர்ச்சிப் பொறியைப் பத்தி. உள்ள சின்னதா ஒரு ரப்பர் துண்டு. அதுல பெண் அந்துப்பூச்சியோட வாசனை. ஆண் பூச்சி தேடி வந்து மாட்டிக்கும்.

இதுக்கெல்லாம் மூலம் பட்டுப்பூச்சிங்க. ஜெர்மனி வேதியியலாளர் அடால்ஃப் புட்டெனான்ட் சுமார் 20 வருஷம் மெனக்கெட்டு, 5 லட்சம் பெண் பூச்சிகள்ல இருந்து சில மில்லிகிராம் வாசனையைப் பிரிச்செடுத்தார். 1959-ல வெளியான அந்தப் பொருளுக்குப் பேரு 'பாம்பிகால்'. (பக்கத்துக் கோபியில பட்டு வளர்க்கிறவங்க இந்தக் கணக்கைக் கேட்டா பதறிடுவாங்க!) 1971-ல ஆப்பிளைத் துளைக்கிற அந்துப்பூச்சியோட வாசனையும் பிடிபட்டது.

2018-ல அமெரிக்கப் படைப்புழு தமிழ்நாட்டு மக்காச்சோளத்துல இறங்குச்சு. பொறி வச்சாலே புழு ஒழிஞ்சிடும்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். முட்டை போடுற பெண் பூச்சி வெளியேதானே சுத்துது? தப்பிச்ச ஒரு ஆண் பல பெண்களோட சேரும். பொறி நமக்குக் கணக்குச் சொல்லும், அவ்வளவுதான். பூச்சி விழ ஆரம்பிச்சா இலையைப் புரட்டி முட்டை தேடணும். விழாத வாரத்துல, பயத்துல மட்டும் மருந்து டேங்க்கை முதுகுல மாட்ட வேண்டியதில்லைங்க.