மாறியின் வரையெல்லை: வரலாறு

மாறியின் வரையெல்லை என்பது, நிரலில் ஒரு மாறியின் பெயர் எந்தப் பகுதிக்குள் செல்லும் என்பதைக் கூறும் விதியாகும். இன்று பல நிரலாக்க மொழிகளில் ஒரு தொகுதிக்குள் அறிவிக்கப்படும் மாறி அத்தொகுதிக்கு வெளியே செல்லாது. இவ்விதிக்கு நீண்ட வரலாறு உண்டு.

தோற்றம்

1957இல் வெளியான முதல் ஃபோர்ட்ரான் மொழியில் துணைநிரல்கள் இல்லை. எனவே ஒரு மாறியின் பெயர் நிரல் முழுவதற்கும் பொதுவாக இருந்தது. 1960 சனவரியில் பாரிசில் 13 அறிஞர்கள் கூடி அல்கால் 60 மொழியை வடிவமைத்தனர். பீட்டர் நவுர் தொகுத்த அதன் அறிக்கை தொகுதி அமைப்பை வரையறுத்தது. இதன்படி உள் தொகுதியில் அறிவிக்கப்படும் பெயர், வெளியே உள்ள அதே பெயரை மறைக்கும்; தொகுதி முடிந்ததும் வெளிப்பெயர் மீண்டும் செல்லுபடியாகும். இதனால் ஒருவர் எழுதும் பகுதியில் உள்ள பெயர், மற்றொருவரின் மாறியைத் தவறுதலாக மாற்றிவிடும் வாய்ப்புக் குறைந்தது.

பிற மொழிகளில்

தொடக்ககால லிஸ்ப் மொழியில், ஒரு செயற்கூறில் உள்ள பெயரின் பொருள் அதனை அழைத்த பகுதியைப் பொறுத்து மாறியது. 1975இல் உருவான ஸ்கீம் மொழி இதைக் கைவிட்டு அல்காலின் முறையை ஏற்றது. சி மொழியும் அடைப்புக்குறிகளால் தொகுதிகளை அமைத்தது. ஆனால் 1995இல் வெளியான சாவாஸ்கிரிப்டில் 'வார்' கொண்டு அறிவித்த மாறி, தொகுதியைத் தாண்டிச் செயற்கூறு முழுவதும் பரவியது. 2015இல் சேர்க்கப்பட்ட 'லெட்', 'கான்ஸ்ட்' ஆகியவை தொகுதி எல்லையைக் கொண்டுவந்தன. பழைய வலைத்தளங்கள் செயலிழக்கக் கூடாது என்பதால் 'வார்' நீக்கப்படவில்லை.

சுழற்சி மாறிச் சிக்கல்

பெயர் எங்கே செல்லும் என்பது தெளிவான பின்னும், ஒரு சுழற்சியின் ஒவ்வொரு சுற்றிலும் மாறி புதிதாகத் தோன்றுமா என்ற கேள்வி இருந்தது. கோ மொழியில் எல்லாச் சுற்றுகளுக்கும் ஒரே மாறி பயன்பட்டது. அதன் முகவரியைச் சேமித்து வைத்தால், இறுதியில் எல்லா இடங்களிலும் கடைசி மதிப்பே கிடைக்கும்.

வலைத்தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் மென்பொருளில் 2020இல் இவ்வகைப் பிழை கண்டறியப்பட்டது. ஒரு சான்றிதழில் பல தளப்பெயர்கள் இருந்து, அவற்றை மறுமுறை சரிபார்க்க நேரும்போது, ஒவ்வொன்றையும் சோதிப்பதற்குப் பதிலாக ஒரே பெயரையே மென்பொருள் பலமுறை சோதித்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட சான்றிதழ்கள் இதனால் பாதிக்கப்பட்டதாக அவ்வமைப்பு அறிவித்தது. 2024 பிப்ரவரியில் வெளியான கோ 1.22 பதிப்பு, சுற்றுக்கொரு புதிய மாறி என விதியை மாற்றியது.