மலைக்கு எப்போது சுதந்திரம்?

இந்தியாவுக்குச் சுதந்திரம் 1947-ல். கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கிற கல்வராயன் மலைக்கு? 1976-ல்தான்!

சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், அரியக் கவுண்டர் என மூன்று ஜாகிர்தார் குடும்பங்கள் பரம்பரையாக ஆண்ட மலை அது. கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பார்கள். அங்கே வாழும் 'மலையாளி' பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுபவர்கள்) வரியும் கட்ட வேண்டும், ஜாகிர்தாருக்குக் கூலியில்லாமல் உழைக்கவும் வேண்டும். வெள்ளைக்காரன் போனான், சமவெளியில் ஜமீன் ஒழிந்தது. மலையில் அதே வரி, அதே வெட்டி வேலை.

வேடிக்கையைப் பாருங்கள்... நாடே வாய்பொத்தி நின்ற எமர்ஜென்சி காலத்தில்தான் அரசு ஜாகிர்களைக் கையில் எடுத்தது. ஊருக்கு இருட்டு, மலைக்கு விடியல்!

முழுசாக விடிந்ததா? ஜாகிர்தார் இருந்த இடத்தில் வனத்துறை வந்து நின்றது. தலைமுறையாக உழுதவனிடம் நிலத்துக்குக் காகிதம் எங்கே என்றது. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகும் பட்டாவுக்கான அலைச்சல் ஓயவில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. சாராயம் என்றாலே கல்வராயனைக் கைகாட்டுவது இங்கே வழக்கம். அந்த மக்கள் எப்படித்தான் வாழ்கிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது அதற்குப் பிறகுதான்.

ரோடு போட்டால் வளர்ச்சி என்கிறோம். சரி, அந்த ரோட்டில் முதலில் மலையேறுவது எது? பட்டாவா, போலீஸ் ஜீப்பா?